புகை வராத ஒரு நாள்

1

இது எங்கள் குடும்பத்தில் நடந்தது. முதல் பிரதியை ‘எனக்குத் தெரிந்த ஒருவரின் ஆலையில்’ என்று தொடங்கியிருந்தேன். அடித்துவிட்டேன். ஊரே மெல்லுகிற விஷயத்துக்கு முகமூடி போட்டால், போட்டவனுக்குத்தான் கேவலம். ஊரில் பாதிப் பேர் என் தம்பியை ஏமாற்றுக்காரன் என்கிறார்கள், மீதிப் பேர் ஏமாளி என்கிறார்கள். இரண்டும் அவன் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கதைக்குள் அவனை ‘ஆலைக்காரர்’ என்றே அழைப்பேன். உடன்பிறந்தவன் என்பதற்காகச் சலுகை கிடையாது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

உலைக்குள் கண்ணாடி தேன்போல் தளும்பிக்கொண்டிருக்க, வெளியே சாம்பல் நிற வானத்தில்—

வேண்டாம். வானத்தை வர்ணித்து நேரம் கடத்துவது பயந்தவன் வேலை.

இரண்டாவது முயற்சி, நேராக. பாட்டில் செய்யும் கண்ணாடி உலையை அணைக்கக் கூடாது. அணைத்தால் உள்ளே உருகிக் கிடப்பது பாறையாக உறையும். செங்கல் சுவர் வெடிக்கும். அதோடு உலை செத்தது. ஆலைக்காரரின் புகை வடிகட்டி எரிந்துபோய்விட்டது. புதியது கப்பலில் வந்து சேர மூன்று மாதம். அதுவரை புகை சட்ட வரம்பைத் தாண்டும். ஆகவே மூன்று மாதத்துக்கு மட்டும் விலக்கு கேட்டு, காற்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனுப் போட்டார். விலக்கு கிடைக்காவிட்டால் உலையை அணைத்தாக வேண்டும்.

மனுவை எழுதியது அவர் மகள்.

“‘தயவுகூர்ந்து’ன்னு எதுக்கு? எடு அதை.”

“கேக்கிறது நாமதானேப்பா?”

“கேக்கலாம். கெஞ்சக் கூடாது.”

எடுத்துவிட்டாள்.

3

ஆய்வாளர் நேரில் வந்து புகையைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. இனி ஆலைக்காரர் செய்ததை எழுத வேண்டும். நம்பமாட்டீர்கள். கற்பனையாக இருந்தால் நானே ‘இப்படி யாராவது செய்வார்களா’ என்று இந்தப் பாத்திரத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் வளர்ந்தவன் செய்வான்.*

அவர் உலைக்குள் போடும் மணல் கலவையைப் பாதிக்கும் கீழே குறைத்தார். வழக்கமாக எரிக்கும் எண்ணெயை நிறுத்திவிட்டு, கிடைத்த எரிவாயுவையெல்லாம் வரவழைத்து அதில் உலையை ஓட்டினார். அந்த வாயு ஒரு நாளுக்குத்தான் தாங்கும். ஒரு பாட்டில்கூட வெளியே வரவில்லை, உலை சூடாக மட்டும் இருந்தது. புகைபோக்கிக்கு மேலே வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல் இருந்தது.

மகள் அண்ணாந்து பார்த்தாள். “என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“வர்றவங்க முகத்துல கரியைப் பூசி அனுப்பணுமா?”

“டாக்டர்கிட்டப் போறப்ப நோயை வீட்டுலயே விட்டுட்டுப் போன கதையா இருக்கு. அவங்க பாக்க வர்றதே அந்தக் கரியைத்தானே!”

அப்போதுதான் அவருடைய அடிவயிற்றில் ஏதோ—

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முகத்தில் எதுவும் தெரியவில்லை என்று மகள் சொன்னாள். அதுவரைக்கும் எழுதுவதுதான் முறை.]

எண்ணெய்க்கு மாற்ற நேரமில்லை. வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. ஆய்வாளர் அம்மா சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, புகைபோக்கியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புகையே இல்லையே சார். அப்புறம் விலக்கு எதுக்கு?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும்.

“உள்ள வந்து உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க” என்றார் ஆலைக்காரர்.

* வெளியாள் வருகிறார் என்றால், கிழிந்த விரிப்பை மாற்றிவிட்டுத்தான் கதவைத் திறப்போம். இதைக் குறை என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன்.

4

மனு விசாரணைக்கு வந்தபோது கூடத்தில் நானும் இருந்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் குழு. ஆலை மதிலை ஒட்டிக் குடியிருக்கும் தையல்காரம்மாவை முதலில் பேசச் சொன்னார்கள்.

“நான் வெள்ளைச் சீருடை தைக்கிறவ. வடிகட்டி போனதுலேர்ந்து ஜன்னலைச் சாத்திக்கிட்டுத்தான் தைக்கிறேன். அப்பவும் தச்சதைத் திரும்பத் துவைக்க வேண்டியிருக்கு. ஆய்வாளர் வந்த அன்னைக்கு ஒரு நாள் திறந்து வெச்சேன். ஒரு பொட்டுக் கரி விழல.” ஆலைக்காரர் பக்கம் திரும்பினார். “ஐயா, ஒரு நாள் முடிஞ்சது தினமும் ஏன் முடியாது?”

சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆய்வாளர் அறிக்கையும் அதைத்தான் சொல்லுது. நீங்க எப்பவும் ஓட்டுற மாதிரிதான் அன்னைக்கும் ஓட்டினீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. பொய்யின்னா அது தனி வழக்கு. அடுத்த அமர்வுல பதில் வேணும்.”

அந்த அமர்வு நாளை.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

‘ஆமாம், எப்பவும் போலத்தான் ஓட்டினேன்’ என்கிறார். புகையே இல்லாத ஆலைக்கு விலக்கு எதற்கு என்று மனு தள்ளுபடி. மானம் நிற்கிறது. அதன் பின்னால், அணைந்த உலையின் வாசலில், வேலையாட்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நிற்கிறார்கள். கிழித்தேன்.

‘இல்லை, ஜோடிச்சுக் காட்டினேன்’ என்கிறார். தண்டனை வரலாம், விலக்கும் வரலாம். வந்தால் தையல்காரம்மா மூன்று மாதம் ஜன்னலைச் சாத்துவார். எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லிக்கொண்டே சாத்துவார். கிழிக்கவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

மகள் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். என் மனைவிக்குப் பிடித்த முடிவு இது. எனக்கு ஒப்பவில்லை. அவன் போட்ட முடிச்சை அவன்தான் அவிழ்க்க வேண்டும்.

6

இந்த இடத்தில் பேனாவை வைக்க வேண்டியதாயிற்று. ஆலைக்காரர் வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். காகிதங்களைப் பார்த்தார், என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை.

“அண்ணா, நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?”

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. ஆலைக்காரர் என்று இனி என்னால் எழுத முடியாது. என் தம்பி, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

வாசகரே, நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் ஒரு பதில் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும், அந்தத் தையல்காரம்மா காதில் விழும்படி சொல்லுங்கள்.