பத்து லட்சத்து ஒன்பது

கணக்குப் பேராசிரியை பத்து லட்சத்து ஒன்பதைப் பகா எண் என்று கல்லூரிக் கூட்டத்தில் அறிவித்த அன்று மாலையிலிருந்து, அவள் வீட்டில் எதையும் பிரிக்க முடியாமல் போனது. ரொட்டியின் மேல் கத்தி வழுக்கியது. ஆரஞ்சுச் சுளைகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டன. அவளும் கூடவே இருந்த தங்கையும் பழத்தை ஆளுக்கொரு நாளாக முறைவைத்துத் தின்னப் பழகினார்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் அது என்று அவள் நிரூபித்துவிட்டதாக எல்லாரும் நம்பினார்கள். துறைத்தலைவர் பதவியும் அதற்காகத்தான் கிடைத்தது.

பதவிக்கு வந்த புதிதில், பல் மருத்துவருக்காகக் காத்திருந்தபோது, பொழுது போகாமல் போட்ட கணக்கில் அது வகுபட்டுவிட்டது. இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றை மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்றால் பெருக்கினால் பத்து லட்சத்து ஒன்பது. சரிபார்த்த அவசரத்தில் தவறவிட்டிருந்தாள். பல்வலி போன இடம் தெரியவில்லை. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த தங்கைக்கு அந்த வருடம்தான் ஒரு பேருந்து ஓட்டுநரோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர் வீட்டுக்குப் போகவென்று பெட்டியோடு முன்வாசலில் இறங்கியவள் அடுத்த நிமிடம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தாள். வேலைக்குப் போய்வர முடிந்தது. பிரிந்துபோக மட்டும் முடியவில்லை. ஓட்டுநரை வீட்டோடு வைத்துக்கொள்ளலாமென்றால், தனி அறை என்று எதையும் ஒதுக்க முடியவில்லை. கதவைச் சாத்தச் சாத்தத் திறந்துகொண்டது. அவர் ஞாயிறுதோறும் வந்து டீ குடித்துவிட்டுப் போனார். தலை நரைத்தது. பெட்டிதான் ராசியில்லை என்றார்கள் தெருக்காரர்கள். தங்கை பெட்டியையும் மாற்றிப் பார்த்தாள்.

பதவிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று அக்கா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஓய்வுபெற்ற பிறகும் வாய் திறக்கவில்லை என்றபோதுதான், தங்கை பின்வாசலில் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் தன் மனம் குளிர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை தங்கை சொன்னாள்: "இனிமே வர வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லப் போறேன்க்கா. பாவம், எத்தனை வருஷம்தான் அலைவாரு? என் ராசி அப்படி."

"உன் ராசி இல்லடி. அந்த நம்பர் வகுபடும். எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பவே?"

"உனக்கு நிச்சயமான வருஷமே."

தங்கை திட்டவில்லை. துடைத்துக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அக்காவைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எதால வகுபடும்?" என்று மட்டும் கேட்டாள். அக்கா சொன்னாள்.

சுவர்கள் சத்தமில்லாமல் விலகின. சாயங்காலத்துக்குள் ஒரு வீடு இரண்டு வீடாகி, நடுவில் ஓர் ஆள் போகிற அகலத்துக்குச் சந்து விழுந்தது. பெரிய பங்கு தங்கைக்குப் போனது; ஓட்டுநர் அங்கேயே குடிவந்தார். கட்டிலும் அடுப்பும் மட்டுமே கொள்ளும் சின்னதில் அக்கா இருக்கிறாள். எதிர் ஜன்னலில் தங்கை துணி உலர்த்துவாள்; பேசமாட்டாள். பேசச் சொல்லி அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. நகராட்சி ஆள் வந்து புதுக் கதவில் எண் தகடு அடித்துவிட்டுப் போனார். பால்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பெரிய சாலைக்குப் போக அந்தச் சந்து குறுக்குவழியாகிவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்பதைத் தவிர அதைப்பற்றி யாருக்கும் குறையில்லை.