தாபிஷின் மனைவி

ஃபர்கந்தா பேரீச்சங்கொட்டைகளை ஒரு குவியலிலிருந்து எடுத்து இன்னொரு குவியலில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கொட்டைக்கு ஒரு கலிமா. விரல்கள் போய்வந்துகொண்டிருந்தன. உதடுகள் எப்போது நின்றன என்று அவளுக்கே தெரியவில்லை.

சோபாக்களை மாடிப்படியோரம் தள்ளிவிட்டு வரவேற்பறை முழுக்க வெள்ளைத்துணி விரித்திருந்தார்கள். உள்ளறையில் அவள் கணவர் வஜாஹத்தைக் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்திக் கிடத்தியிருந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாக ஏற்பாடு. ஜூன் மாதக் கராச்சி. மின்சாரம் பதினொரு மணிக்கே போய்விட்டது. கட்டிலுக்கடியில் வைத்த ஐஸ் பாளங்கள் உருகி, தண்ணீர் கதவிடுக்கு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதை யாராவது துடைக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"கடைசி எபிசோடு அன்னிக்கு எங்க வீட்டுல யாரும் சாப்பிடவே இல்ல" என்று பக்கத்து ஃபிளாட்டுக்காரி தன் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா வெத்தலயக்கூடத் தொடல. அந்தக் கதாநாயகி கல்யாணத்துக்கு இந்த மனுஷனே பந்தல்காரன்கிட்ட நின்னு பேரம் பேசுவார் பாரு, அந்த இடம். யா அல்லாஹ்!"

"நான் யூட்யூப்ல பாத்தேன் அம்மி."

"யூட்யூப்ல என்னத்தப் பாத்தே. தெருவே காலியா இருந்துச்சு அன்னிக்கு."

வஜாஹத் அந்த ஒரே ஒரு தொடரில்தான் நடித்தார். பதின்மூன்று வாரம். தாபிஷ் என்கிற டியூஷன் வாத்தியார். எதிர்வீட்டுப் பெண்ணை விரும்பி, கடைசிவரை வாயைத் திறக்காதவன். பிறகு காப்பீட்டுக் கம்பெனி வேலைக்கே திரும்பிவிட்டார். இருந்தும் ஆட்டோக்காரர்களும் பல் டாக்டரும் அவரைத் தாபிஷ் என்றே கூப்பிட்டார்கள். காய்கறிக்கடையில் ஃபர்கந்தாவை "தாபிஷ் சாஹிப் வீட்டம்மா" என்பார்கள். அவள் திருத்தியதில்லை.

கல்யாணமான மூன்றாம் நாள் அவர் சொன்னார்: "உன்கிட்ட மறைக்க எனக்குப் பிடிக்கல. ஷூட்டிங் முடிஞ்ச அன்னிக்கு சீமீன்கிட்ட கேட்டேன். முடியாதுன்னுட்டா."

அந்தத் தொடரின் கதாநாயகி சீமீன் ஆரா. தாபிஷ் கேட்காததை வஜாஹத் கேட்டிருக்கிறார்.

ஃபர்கந்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. "சரி" என்றாள். வேறென்ன சொல்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. அவர் நல்ல கணவராகத்தான் இருந்தார். குரலை உயர்த்தியதில்லை. மகள் ரமீஸா பிறந்தபோது எட்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆனால் சீமீன் ஆரா எந்தத் தொடரில் வந்தாலும் சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு பார்ப்பார். கதாநாயகியாக, அண்ணியாக, பிறகு மாமியாராக அவள் வந்துகொண்டே இருந்தாள். ஃபர்கந்தா அடுத்த அறையில் துணிகளுக்கு இஸ்திரி போடுவாள். ஏற்கெனவே போட்ட துணிக்கே மறுபடியும் போடுவாள்.

அவர் நடித்த தொடரை மட்டும் முப்பத்துமூன்று வருடமாக அவள் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான். போன ரமலானுக்கு முன்னால், முதல் மாரடைப்பு வந்து வீடு திரும்பியிருந்த நேரம், ரமீஸாவின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏழாவது எபிசோடு மட்டும் பாரேன் ஃபர்கந்தா. அவ்வளவு மோசமா ஒண்ணும் நடிக்கல நான்."

"அடுப்புல வெங்காயம் இருக்கு."

அடுப்பில் ஒன்றும் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். சமையலறையிலிருந்து வாசனை எதுவும் வரவில்லையே.

வாசலில் சலசலப்பு எழுந்தது. கொட்டைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் எட்டிப்பார்த்தார்கள். ரமீஸா வந்து காதோடு சொன்னாள்: "அம்மி, சீமீன் ஆரா வந்திருக்காங்க. கீழ டிவிக்காரங்க வேற நிக்கிறாங்க. என்ன பண்றது?"

"வரச் சொல்லு. மையத்து வீட்டுக்கு வர்றவங்கள என்ன பண்ணுவாங்க?"

சீமீன் ஆராவுக்கு முழங்கால் வலி போலிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைத் துப்பட்டா, மூக்குக்கண்ணாடி. திரையில் தெரிவதைவிடக் குள்ளம். நேராகப் போய் வஜாஹத்தின் தங்கை ஷகூஃபாவின் கைகளைப் பிடித்து, "பொறுமையா இருங்க பாபி" என்றாள்.

"நான் தங்கச்சி. பாபி, அண்ணன் சம்சாரம், அங்க இருக்காங்க."

திரும்பி வந்து ஃபர்கந்தாவின் எதிரே சிரமப்பட்டு உட்கார்ந்தாள். கையேந்தி ஓதினாள். முகத்தைத் தடவிக்கொண்டாள்.

"ரொம்ப நல்ல மனுஷர் பாபி, சபாஹத் சாஹிப்."

"வஜாஹத்" என்றாள் ஃபர்கந்தா.

"ஆங், வஜாஹத் சாஹிப். மன்னிச்சுக்குங்க. வயசாச்சு, பேரெல்லாம் கலந்துபோயிடுது. காலையில சேனல்லேர்ந்து போன் பண்ணித்தான் சொன்னாங்க. எனக்குத் தாபிஷ்னாதான் தெரியுது."

முப்பத்துமூன்று வருடங்களில் இந்தப் பெண்ணிடம் கேட்பதற்கென்று ஃபர்கந்தா எத்தனையோ வாக்கியங்களைச் சேர்த்துவைத்திருந்தாள். இப்போது தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், விலாசம் விசாரிப்பதுபோலக் கேட்டாள்:

"ஷூட்டிங் முடிஞ்ச அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு கேட்டதாச் சொன்னார்."

"என்ன கேட்டார்?"

"கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி."

சீமீன் ஆரா கண்ணாடியைக் கழற்றினாள். உண்மையாகவே யோசித்தாள். அவள் நடிக்கவில்லை, ஃபர்கந்தாவால் அதைப் பார்க்க முடிந்தது.

"அந்த வருஷம் எத்தன பேர் கேட்டாங்க பாபி! கேமராமேன் கேட்டார், ஸ்பான்சர் கேட்டார், எங்க தெருப் பால்காரனே கேட்டான். இவரும் கேட்டாரா?" பிறகு தயங்கி, "நான் மரியாதையாத்தானே பதில் சொன்னேன்? எதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. மரியாதையாத்தான் சொன்னீங்களாம்."

"அல்ஹம்துலில்லாஹ்."

வெளியே யாரோ தோள்கொடுக்க ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபர்கந்தா ஐஸ் தண்ணீரைப் பார்த்தாள். அது வெள்ளைத்துணியின் விளிம்பைத் தொட்டிருந்தது. இந்த மனுஷர் யாருக்காக அத்தனை வருடம் டிவி சத்தத்தைக் குறைத்துவைத்தார்? தான் யாரை நினைத்து அத்தனை துணிக்கு இஸ்திரி போட்டாள்? கோபம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

"ஒண்ணு ஞாபகமிருக்கு" என்றாள் சீமீன் ஆரா திடீரென்று. "ரிகர்சல் ரூம்ல எல்லாரும் டீ குடிச்சிட்டுக் கப்பை அங்கங்க வெச்சிட்டுப் போயிடுவாங்க. ஒருத்தர் மட்டும் எல்லார் கப்பையும் எடுத்துக் கழுவி, கவுத்து வெப்பார். உயரமா இருப்பார். அவரா?"

வஜாஹத் ஃபர்கந்தாவின் காதுவரைதான் இருப்பார்.

"ஆமா" என்றாள் ஃபர்கந்தா. "அவர்தான்."

"பாத்தீங்களா! அப்பவே நெனச்சேன், என்ன ஒரு மனுஷர்னு." சீமீன் ஆராவின் கண்கள் நிறைந்துவிட்டன. இப்போது அழுவதற்கு அவளுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான். ஃபர்கந்தாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளில் பன்னீர் வாசனை அடித்தது. ஃபர்கந்தா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அவள் படியிறங்கிப் போனதும் கீழே டிவிக்காரர்களிடம் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. எல்லார் கப்பையும் கழுவிவைத்த மனிதர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷகூஃபா நெருங்கி உட்கார்ந்தாள். "பாபி, அண்ணன் எங்க கப் கழுவினார்? குடிச்ச டம்ளரை அவர் நகத்திக்கூட வெச்சதில்லயே."

"அங்க கழுவியிருப்பார்."

ஷகூஃபா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு கைப்பிடி கொட்டையை எடுத்தாள்.

அஸர் தொழுகை முடிந்ததும் ஆண்கள் உள்ளே வந்தார்கள். முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார்கள். ரமீஸா அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். மூக்கில் பஞ்சு வைத்திருந்தது. தாடியை யாரோ வகிடெடுத்து வாரியிருந்தார்கள்; அவர் அப்படி வாருவதில்லை. ஃபர்கந்தா விரலால் கலைத்துச் சரிசெய்தாள். அல்லாஹ்வின் பேர் சொல்லித் தூக்கினார்கள். மாடிப்படியில் திருப்பும்போது சோபாவில் இடித்தது. "பாத்து, பாத்து" என்று நாலைந்து குரல்கள். ரமீஸா படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். கலிமாச் சத்தம் கீழே போய், தெருவுக்குப் போய், வண்டிச் சத்தத்தில் கலந்தது.

பக்கத்து ஃபிளாட்டிலிருந்து பெரிய தேக்சாவில் புலாவ் வந்தது. மையத்து வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று மூன்று நாளைக்கும் பேசிவைத்திருந்தார்கள். ரமீஸா தட்டைக் கொண்டுவந்து, "ரெண்டு வாய் சாப்பிடு அம்மி" என்றாள். ஃபர்கந்தா சாப்பிட்டாள். தட்டு காலியாகியிருப்பதைப் பிறகுதான் கவனித்தாள். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். பெண்கள் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மின்சாரம் வந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

மக்ரிப் தொழுகைக்குச் சற்று முன் ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பினார்கள். வாசலில் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். கால்களில் மண். முதலில் வஜாஹத்தின் தம்பி வந்தார். பின்னால் மாப்பிள்ளை, காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர், பல் டாக்டர். ஃபர்கந்தா கையில் சோற்றோடு, இன்னும் ஒருவர் வரவேண்டியிருப்பதுபோல ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்தாள். கடைசியாக வந்தவர் உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.