சிவப்பு சைக்கிள்

மோகனப்பிரியா இறந்த பிறகு வினோத் தினமும் காலையில் அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான். மகளுக்கு இன்னும் பேச்சே திருந்தவில்லை. அம்மா எப்படி இருந்தாள் என்று பின்னால் அவள் கேட்டால் கொடுக்க வேறெதுவும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு வரிக்கே கை வரவில்லை. பிறகு பழகிவிட்டது. அரிசியைக் குக்கரில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், விசில் வருவதற்குள் பக்கம் நிரம்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகையிலிருந்து மச்சினி அகல்யா வந்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே மேசைமேல் கிடந்த தாள்களைப் படித்தவள் சிரித்துவிட்டாள்.

“இன்னா மாமா இது? அக்கா சைக்கிள்லேர்ந்து உழுந்து முட்டியைப் பேத்துகினான்னு எழுதிக்கீறீங்க?”

“ஆமா. சிவப்பு சைக்கிள்.”

“அவளுக்கு ஓட்டவே தெரியாதே. உழுந்து வாரினது நானு. அக்கா பின்னாடி குந்திகினு கத்துனா. காரியத்தன்னிக்கு நான்தான உங்களாண்ட சொன்னேன்?”

பிரியாவின் முட்டியில் ரத்தம். அதில் ஒட்டிய ஏரிக்கரை மண். இப்போதும் வினோத்தின் கண்முன் நின்றது.

அவன் தாள்களை வேகமாகப் புரட்டினான். பூந்தமல்லி பஸ்ஸில் பிரியா அவன் தோளில் தூங்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. முதல் சம்பளத்தில் அவனுக்குச் சட்டை எடுத்தது. ஒவ்வொன்றாக நீட்டினான்.

“இது நடந்துச்சா?”

“எனக்கு எப்படித் தெரியும் மாமா? நீங்கதான கூட இருந்தீங்க.”

கூட இருந்தவனுக்குத் தெரியவில்லை. தினமும் ஒரு பக்கம் நிரம்ப வேண்டியிருந்தது. நினைவு தீர்ந்துபோன ஏதோ ஒரு காலையில் கை, கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறது. எந்தக் காலை என்று தெரியவில்லை. எந்தப் பக்கத்தை மகளிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

அகல்யா சிரிப்பை விட்டிருந்தாள். “உடுங்க மாமா. பாப்பாவுக்கு இன்னா தெரியப்போவுது?”

அவன் தாள்களை அடுக்கி வைத்தான்.

மறுநாள் காலை குக்கரை ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். பேனா வழக்கம்போல் தாளில் இறங்கியது. பிடித்து நிறுத்தினான். விசில் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அகல்யாவுக்குப் போன் செய்தான்.

“உங்கக்கா சிரிச்சா எப்படி இருக்கும்?”

“இன்னா மாமா... உங்களுக்குத் தெரியாதா?”

“நீ சொல்லு.”

அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். வினோத் புதிய தாளை எடுத்து, முதல் வரியில் ‘அகல்யா சொன்னது’ என்று எழுதினான்.