வயித்துவலி இல்ல

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதும் ஜன்னலில் பிரமிளாவின் முறை வந்தபோது, உள்ளே இருந்த ஆள் நிமிராமலேயே, "ஏமி பிராப்ளம்?" என்றான். பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். முதுகை ஒட்டி ஒரு வேட்டிக்காரர். பிரமிளா மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடுப்பு நொப்பி" என்றாள். தெலுங்கில் வயிற்றுவலி. அவன் எழுதிவிட்டான்.

பிரமிளாவையும் குற்றம் சொல்ல முடியாது. நகரிப் பக்கத்தில் அவர்கள் ஊரில் பெண்களுக்கு வரும் எல்லா நோயும் வயிற்றுவலிதான். மாதவிலக்கு என்றாலும் வயிற்றுவலி, கரு கலைந்தாலும் வயிற்றுவலி. கணவன் எத்திராஜிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் திருப்பதிக்கு பஸ் ஏறியிருந்தாள். கீர்த்திக்குப் பதினைந்து வயது, டென்த் படிக்கிறாள். இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி, தொட்டால் நழுவுகிறது, வலி இல்லை என்று அவள் அம்மாவிடம் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. "வயசுக்கு வந்த புள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும், கரைஞ்சிடும்" என்று பிரமிளா மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். கட்டி கரையவில்லை, நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. போன வாரம் கீர்த்தி, "மூணு தபா தூரமாயிட்டேன். அது போவல, பெருசாவுது. நீ கூட்டிக்கினு போறியா, நானு டீச்சராண்ட சொல்லட்டா?" என்று கேட்டாள். டீச்சருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். நாளைக்கு ஒரு வரன் வரும்போது எவளாவது இதை எடுத்துப் பேசுவாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அந்த நோயின் பெயரை அவள் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

சீட்டில் எழுதியிருந்தபடி, வயிற்று டாக்டரின் வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள்.

"ஏம்மா அப்படி சொன்ன?"

"உள்ள போயி டாக்டராண்ட மெதுவா சொல்லிக்கலாம். கம்னு இரு."

டாக்டர் இளவயது ஆண். சுற்றி நாலு மாணவர்கள் வேறு. கீர்த்தியைப் படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்தினார். இங்கே வலிக்கிறதா, அங்கே வலிக்கிறதா, காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பிரமிளா வாயைத் திறந்தாள். "இட்லி துன்னா சார்" என்பதுதான் வந்தது. அவர் மாத்திரை எழுத ஆரம்பித்தார். இனி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான், கட்டியும் கூடவே வரும்.

கீர்த்தி எழுந்து உட்கார்ந்தாள். "கடுப்பு நொப்பி காது சார். ரொம்முலோ கட்ட உந்தி." வயிற்றுவலி இல்லை, மார்பில் கட்டி இருக்கிறது, மூன்று மாதமாக இருக்கிறது, பெரிதாகிறது என்று, வகுப்பில் எழுந்து பதில் சொல்கிற அதே குரலில் தெலுங்கில் சொன்னாள். மாணவர்களில் ஒருவன் தரையைப் பார்த்தான். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, பதினேழாம் நம்பர் அறை என்று எழுதி, கூட ஒரு நர்ஸையும் அனுப்பினார்.

வராண்டாவில் நடக்கும்போது தனக்கு மானம் போயிருக்க வேண்டும் என்றுதான் பிரமிளாவுக்குத் தோன்றியது. ஆனால் போகவில்லை. கீர்த்தி பிறந்த மூன்றாம் மாதம் மார்பில் பால் கட்டிக்கொண்டு, காய்ச்சலில் பல் கிட்டிக் கிடந்தபோதும் மாமியாரிடம் வயிற்றுவலி என்று சொன்னவள் அவள். அந்தப் பாலைக் குடித்த பிள்ளைதான் இப்போது கையை வீசிக்கொண்டு முன்னால் போகிறது. பிரமிளாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எதிரே வந்தவர்களிடம் எல்லாம், இது என் பொண்ணு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

பதினேழில் இருந்தது பெண் டாக்டர். திரைக்குப் பின்னால் பரிசோதித்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். பார்த்தவரைக்கும் கெட்ட கட்டி மாதிரி இல்லை, இந்த வயதில் வருவது பெரும்பாலும் கெட்டதாக இருக்காது என்றார். ஆனாலும் ஒன்றிரண்டு மாதவிலக்கு தாண்டியும் போகாமல் இருந்தால், வளர்ந்தால், காட்டத்தான் வேண்டும், வந்தது சரி. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். அதற்குள் வேகமாகப் பெருத்தாலோ, தோல் சிவந்தாலோ சுருங்கினாலோ, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ வந்தாலோ, அன்றைக்கே வர வேண்டும்.

"மஞ்சள் வேணாம்மா" என்று மட்டும் தமிழில் சொன்னார்.

நகரி பஸ்ஸில் உட்கார்ந்ததும் எத்திராஜ் போன் செய்தான். "இன்னாமே, வயித்துவலிக்கு இன்னா சொன்னாங்க?"

பஸ் நிறைய ஆட்கள். பிரமிளா குரலைத் தாழ்த்தவில்லை.

"வயித்துவலி இல்லய்யா. பாப்பாவுக்கு மார்ல கட்டி. பயப்படாத, கெட்டது மாதிரி இல்லன்றாங்க, மூணு மாசம் கழிச்சி திரும்ப பாக்கணும். நான்தான் பொய் சொல்லிக்கினு இருந்தேன். உம் பொண்ணு அஞ்சு ஆம்பளைங்க நிக்கசொல்லவே தெலுங்குல சொன்னா பாரு."

அந்தப் பக்கம் எத்திராஜ் தறியை நிறுத்துவது கேட்டது. கீர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

முன் சீட்டில் இருந்தவள் மலையில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்புகிறவள். தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மெல்லத் திரும்பி, பிரமிளாவை விட்டுவிட்டு, கீர்த்தியைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த டாக்டரு எந்த ரூமு, கண்ணு?"

"பதினேழு."

அவள் தலையாட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். பதினேழு, பதினேழு என்று உதடு அசைந்தது. ஒரு கை முன்கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை முந்தானைக்குள் இருந்தது, வெளியே வரவில்லை.