சந்தனம் பூசிய பொம்மை

நோயுற்ற குழந்தைகளுக்குத் துணை நிற்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் மஞ்சுளா படித்த முதல் பாடம், ஊசி வலிக்கும் என்பதைக் குழந்தையிடம் மறைக்கக் கூடாது என்பதுதான். காவாந்தண்டலம் கிராமத்தில் அவள் பொறுப்பில் விடப்பட்ட சிறுமி நிவிஷாவுக்கு இரத்தப் புற்றுநோய். மருந்தில் முடி கொட்டும் என்று தெரிந்ததும், வேண்டுதல் என்று சொல்லி வீட்டார் முன்கூட்டியே அவளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிவிட்டார்கள்.

சென்னை மருத்துவமனையில் முதுகில் ஊசி போடும் விதத்தை நீள முடிப் பொம்மையில் காட்டினாள் மஞ்சுளா.

"சாமிக்குத்தான் முடி குடுத்தாச்சே. வலிக்காது இல்லக்கா?" என்றாள் நிவிஷா.

அவள் அம்மா வளர்மதி பின்னால் நின்று மஞ்சுளாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மஞ்சுளாவுக்குப் பாடம் நினைவிருந்தது. இருந்தும், "வலிக்காதுடா கண்ணு" என்றாள். பொம்மையையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம், சென்னையிலிருந்து திரும்பியிருந்த நிவிஷா அவளைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாலு பேரு அமுக்கிப் புடிச்சாங்கமா. 'அக்கா வலிக்காதுன்னுச்சே'ன்னு கத்திக்கினே இருந்துச்சு புள்ள" என்றாள் வளர்மதி.

மஞ்சுளா எட்டிப் பார்த்தாள். பொம்மையின் முடி ஒட்ட வெட்டப்பட்டு, தலையில் சந்தனம் பூசியிருந்தது. அதைக் குப்புறப் போட்டு முழங்காலால் அமுக்கிக்கொண்டு, விளக்குமாற்றுக் குச்சியால் முதுகில் குத்தினாள் நிவிஷா.

"வலிக்காதுடா கண்ணு" என்றாள் பொம்மையிடம்.