மிசோவும் கழுநீரும்

விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மெஸ்ஸில் தென்னரசுக்கு ஒரே வேலைதான். அரிசி. காணையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து விடியற்காலை ஐந்தரைக்கு வந்து, நாற்பது கிலோ அரிசியை நான்கு தவணையாகத் தொட்டியில் கொட்டி, மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து, உலைக்குக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு தண்ணீரைக் கீழே ஊற்றக் கூடாது. மூலையில் இருக்கும் நீல டிரம்மில் சேர்த்து வைத்தால், மாடு வைத்திருக்கும் விருத்தாசலம் வந்து எடுத்துப் போவார். மூன்று வருடமாக இதே வேலை. அவன் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருந்தன.

அந்தத் தொட்டிக்கு முன்னாலிருந்து எழுந்து அடுப்புக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்றுதான் சமையற்கலை மாலை வகுப்பில் சேர்ந்தான். ஆறு மணி முதல் எட்டரை வரை வகுப்பு. பதினான்கு பேர் படித்தார்கள். தினமும் வீட்டுக்குப் போனதும், அன்றைக்குச் சொல்லிக் கொடுத்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுவான். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து, சரியாகத்தான் எழுதினோமா என்று ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பான். மறுநாள் வகுப்பெடுக்கும் மேடத்திடம் கேட்டுவிட்டு அந்தக் கேள்விக்குறியை அடிப்பான். பல கேள்விக்குறிகள் அடிபடாமல் அப்படியே நின்றன.

பிப்ரவரி கடைசியில் மேடம் அந்தச் செய்தியைச் சொன்னார். திண்டிவனம் பைபாஸில் ஒரு புது உணவகம் வருகிறது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வாரக்கடைசியில் காரில் போகிறவர்களுக்கானது. இத்தாலிச் சமையல், ஆனால் ஜப்பான் சாமான்களைப் போட்டு. அடுப்பில் நிற்க ஒரே ஒரு ஆள் வேண்டும். வகுப்பிலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறார்கள், சமைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒருத்தி கிளியனூர் கலைப்பிரியா. இன்னொருவன் தென்னரசு.

"அடுப்புலதானே மேடம்?" என்று கேட்டான்.

"அடுப்புலதாம்பா."

"கழுவற வேலை இல்லியே?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. போன வருடம் இந்த வகுப்பை முடித்தவர்களில் பாதிப்பேர் இப்போது ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு மார்ச்சோடு முடிகிறது. இது தவறினால் இன்னொரு அடுப்பு அவனைக் கூப்பிடப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

செய்து காட்ட வேண்டியது மிசோ ரிசோட்டோ. ரிசோட்டோ என்றால் இத்தாலிக்காரர்கள் குழைவாகச் செய்கிற ஒரு சோறு. மிசோ என்றால் ஜப்பானில் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற விழுது. மேடம் ஒரு சின்ன டப்பாவில் மிசோ கொண்டுவந்து ஆளுக்கு ஸ்பூன் நுனியளவு கொடுத்தார். தென்னரசு வரிசையில் கடைசி ஆள். அவன் முறை வந்தபோது டப்பாவில் வாசனை மட்டும்தான் இருந்தது. நோட்டில், 'புளித்த வாசனை. கொஞ்சம் இனிப்பு. கொஞ்சம் கருவாடு?' என்று எழுதினான். அந்தக் கேள்விக்குறி கடைசிவரை நின்றது.

செய்முறையைப் பதினான்கு படிகளாகப் பிரித்து எழுதினான். ஐந்தாவது படிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டான். அரிசியைக் கழுவக் கூடாது. அரிசியின் மேலிருக்கும் மாவுதான் தண்ணீரில் கரைந்து அந்தக் குழைவைக் கொடுக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். மாவு போனால் அது ரிசோட்டோவே இல்லை.

வீட்டில் ஒன்பது முறை பழகிப் பார்த்தான். இத்தாலி அரிசிக்கு எங்கே போவது? ரேஷன் அரிசிதான். முதல் தடவை கழுவாமல் சட்டியில் போட்டபோது அம்மா சின்னபொண்ணு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா பண்ற? வண்டு மெதக்குது, கல்லு கீது. அப்படியே போடற?"

"கழுவக் கூடாதும்மா."

"எந்த ஊர்ல?"

"இத்தாலில."

"அவன் ஊர்ல ரேஷன் கடை இல்ல. நம்ம ஊர்ல கீது. கழுவு."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புழுங்கல் நாற்றம் அடிக்கும் அந்த அரிசியைக் கழுவாமல் வாயில் வைக்க முடியாது. எனவே கழுவினான். ஐந்தாவது படியை மட்டும் செய்து காட்டும் அன்றைக்குச் சரியாகச் செய்துகொள்ளலாம், மற்ற பதின்மூன்றையும் கைக்குப் பழக்குவோம் என்று கணக்குப் போட்டான். ஒன்பது முறையும் கழுவித்தான் செய்தான். மிசோவுக்குப் பதில் வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உப்பும் சோயா சாஸும் விட்டு அரைத்துக்கொண்டான்.

அம்மா ஒரு வாய் தின்று பார்த்து, "மல்லாட்டத் தொவையல்ல சோத்தக் கெளறிக்கினு ஜப்பான்ங்கறான்" என்றாள். ஆனால் தட்டைக் காலி செய்தாள். மறுநாள் கரும்பு வெட்டப் போன இடத்தில் எல்லோரிடமும், என் பிள்ளை பெரிய ஓட்டலில் அடுப்புக்குப் போகிறான் என்று சொல்லியும்விட்டாள்.

செய்து காட்ட வேண்டிய செவ்வாய்க்கிழமை, அம்மாவுக்கு ஜுரம் என்று மெஸ் முதலாளி பெரியதம்பியிடம் பொய் சொல்லிவிட்டுத் திண்டிவனம் போனான். சமையல்கூடம் அவன் நினைத்ததைவிடச் சின்னது, நினைத்ததைவிடச் சுத்தம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுப்பு, எதிரே பாத்திரம் கழுவும் தொட்டி. தொட்டியருகே சவுரியம்மாள் என்கிற வயதான அம்மா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். செஃப் செல்வகுமார் பத்து வருடம் கப்பலில் சமைத்தவர். ஒரே ஒரு பாக்கெட் இத்தாலி அரிசியை அவர்கள் கண் முன்னால் பிரித்து, தராசில் வைத்து, ஆளுக்கு முந்நூறு கிராம் நிறுத்துக் கொடுத்தார். மிச்சம் இல்லை. காலிப் பாக்கெட்டை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஒரு மணி நேரம். பெருசா ஒண்ணும் வேணாம், ஒழுங்கா பண்ணுங்க போதும். நான் முன்னால இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தென்னரசு நோட்டைத் திறந்து உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தான். முதல் படி, கொம்பு என்கிற கடல்பாசிப் பட்டையைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குவது. கொதி வருவதற்குள் எடுத்துவிட வேண்டும், எடுத்தான். இரண்டாவது, காளான். மூன்றாவது, வெங்காயம். வெங்காயத்தை அரிசிப் பருமனில் நறுக்கினான், அது அவனுக்கே திருப்தியாக இருந்தது. நான்காவது, வெண்ணெயில் வெங்காயம் நிறம் மாறாமல் வதங்க வேண்டும். அடுப்பைக் குறைத்து வைத்தான். அது வதங்குவதற்குள் ஒன்பதாவது படியில் மிசோவை எவ்வளவு சூட்டில் கரைப்பது என்று யோசித்தான். மிசோவைக் கொதிக்கவிடக் கூடாது. அறுபது டிகிரியா, எழுபதா? நோட்டில் அங்கே ஒரு கேள்விக்குறி இருந்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் புள்ளயப் பாரு" என்று பக்கத்தில் சவுரியம்மாளின் குரல் கேட்டது. "எவ்ளோ சுத்தமா களையுது. பொம்பளப் புள்ள அப்படியே கொட்டுது."

தென்னரசு கீழே பார்த்தான்.

அவன் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். இடது கை கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தது. வலது கை விரித்த விரல்களோடு அரிசிக்குள் இருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாக, அடியில் எண்ணலாம் போலக் கிடந்தது. அப்படியானால் இது மூன்றாவது தண்ணீர்.

"ஐயோ, தென்னரசு" என்றாள் கலைப்பிரியா மெதுவாக. அவள் அரிசி அவள் சட்டியில் வறுபட்டுக்கொண்டிருந்தது. "செஃப்கிட்ட போய்ச் சொல்லிடு. வேற அரிசி கேளு."

"வேற அரிசி இல்ல."

"சும்மா கேட்டாவது பாரேம்பா."

அவன் குப்பைக்கூடையைப் பார்த்தான். மடித்த பாக்கெட் மேலாகவே கிடந்தது.

"இன்னா ஆச்சு?" என்று சவுரியம்மாள் கேட்டார். இரண்டு பேரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. தட்டுகளோடு உள்ளே போய்விட்டார்.

ஈர அரிசியைத் துணியில் ஒற்றி எடுத்து வெண்ணெயில் போட்டான். வறுபடவில்லை. சடசடவென்று தெறித்து அடியில் ஒட்டியது. கடல்பாசித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிண்டினான். ஊற்றிய தண்ணீர் ஊற்றினபடியே தெளிவாக நின்றது. பக்கத்துச் சட்டியில் அதே தண்ணீர் பால் போல வெளுத்துக் கெட்டியாகிக்கொண்டிருந்தது. கரண்டியின் பின்பக்கத்தால் அரிசியை நசுக்கிப் பார்த்தான். சீஸை இரட்டிப்பாகப் போட்டான், அது நூல் நூலாகத் திரண்டது. அலமாரியில் சோளமாவு டப்பா இருந்தது. ஒரு ஸ்பூன் கரைத்து ஊற்றினால் கெட்டியாகும். அது திருட்டுத்தனமா, இல்லையா? இதை யோசித்து முடிப்பதற்குள் செஃப் உள்ளே வந்துவிட்டார்.

முதலில் கலைப்பிரியாவின் தட்டைச் சாய்த்துப் பார்த்தார். சோறு மெதுவாக, மொத்தமாக, சாய்ந்த பக்கம் நகர்ந்தது. ஒரு ஸ்பூன் சாப்பிட்டார். தலையை ஆட்டினார். தென்னரசின் தட்டைச் சாய்த்தார். தண்ணீர் மட்டும் ஓடியது. சோறு இருந்த இடத்திலேயே இருந்தது.

"கழுவினியா?"

"ஆமா செஃப்."

"யாரு கழுவச் சொன்னது?"

"யாரும் சொல்லல. கை தானா போயிடுச்சி."

செஃப் உப்பு டப்பாமேல் இருந்த நோட்டை எடுத்தார். பக்கத்தைப் பார்த்தார். சிவப்புக் கோட்டில் அவர் விரல் நின்றது. "எழுதி வேற வச்சிக்கினுகீற" என்றார். கோபமில்லை. அதுதான் தென்னரசுக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

"இன்னொரு தபா குடுத்தீங்கன்னா..."

"அரிசி ஏது? வெள்ளிக்கிழமை கடை தொறக்கறோம் தம்பி." நோட்டை மூடி அவன் கையில் கொடுத்தார். "எங்கம்மாவும் நாலு தண்ணி விட்டுத்தான் கழுவுவாங்க. அதுக்குன்னு அவங்களக் கூட்டாந்து இந்த அடுப்புல நிக்க வப்பேனா, சொல்லு?"

அவர் போன பிறகு கலைப்பிரியா தன் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவளுக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, படாமல் இருக்கவும் தெரியவில்லை. "ஒரு வாய் சாப்புடுப்பா" என்றாள்.

சாப்பிட்டான். இத்தனை நாளாக வாசனையை வைத்து மனதுக்குள் கட்டியிருந்த ருசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவாடும் இல்லை, மல்லாட்டையும் இல்லை. இதமான உப்பு, அதற்குப் பின்னால் நாக்கிலேயே தங்குகிற ஏதோ ஒன்று. நன்றாக இருந்தது. ஒன்பது முறை பழகியபோதும் இதன் பக்கத்தில்கூட அவன் வந்திருக்கவில்லை.

"நல்லாருக்கு" என்றான்.

ஐந்தே முக்கால் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா போன் செய்தாள்.

"ஆச்சாடா?"

"சொல்றேன்னாங்கம்மா."

"எப்போ சொல்வாங்களாம்?"

"வெள்ளிக்கெழம."

"சரி, சரி. துன்னியா?"

"துன்னேன்."

கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. உறைத்ததும் முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கழுநீர். மெஸ்ஸில் மூன்று வருடத்தில் ஒருநாள்கூட முதல் தண்ணீரை அவன் கீழே ஊற்றியதில்லை. மாவு முழுக்க அதில்தானே இருக்கிறது? இன்றைக்கும் ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்திருந்தால், அதையே சூடாக்கி ஊற்றிக் கிண்டியிருக்கலாம். போன மாவு திரும்பி வந்திருக்கும். வறுபடாமல் போயிருக்கும், அது உண்மைதான். ஆனால் தட்டைச் சாய்த்தால் நகர்ந்திருக்கும். களைவது வரைக்கும் மெஸ்ஸில் செய்கிற மாதிரியே செய்த கை, ஊற்றுவதை மட்டும் மாற்றிச் செய்திருக்கிறது. ஏன்? அங்கே நீல டிரம் இல்லை. அவ்வளவுதான்.

விக்கிரவாண்டிவரை அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். முதல் தண்ணீர் எவ்வளவு, இரண்டாவது எவ்வளவு, எந்தப் பாத்திரத்தில் பிடித்திருப்போம், எத்தனை கரண்டி வரும். ஒவ்வொரு தடவையும் அது சரியாக வந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து ஐந்தாவது படிக்குப் பக்கத்தில் எழுதப் பேனாவையும் திறந்தான். இனி யாருக்காக எழுதுவது என்று தெரியவில்லை. பேனாவை மூடினான்.

மறுநாள் ஐந்தரைக்குத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். பெரியதம்பி கல்லாவுக்கும் சாமி படத்துக்கும் காட்டி ஊதுபத்தியைச் செருகிவிட்டு வந்தார்.

"அம்மாவுக்கு ஜுரம் எப்பிடிகீது?"

"பரவால்லண்ணே."

"ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க."

"நேத்து நீ இல்லாம ஒரே பேஜாரு. ஜல்தி ஆவட்டும், உல காயுது."

முதல் பத்து கிலோவைக் கொட்டினான். தண்ணீரைத் திறந்தான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளையாகக் கலங்கி வந்தது. பிறகு கை தானாகவே உள்ளே போனது. முதல் தண்ணீரை டிரம்மில் ஊற்றினான். இரண்டாவதையும் ஊற்றினான்.

இருபது கிலோ முடிந்தபோது விருத்தாசலம் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். டிரம்மைத் திறந்து கையை விட்டு அளைந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நேத்து எங்க போய்ட்ட தம்பி? எவனோ களைஞ்சிருக்கான், வெறும் பச்சத்தண்ணி. மாடு வாயே வைக்கல." டிரம்மை வண்டிக்குச் சாய்த்து ஏற்றினார். "இனிமே லீவு கீவு போடாத, இன்னா?"

"சரிங்க" என்றான் தென்னரசு. அடுத்த பத்து கிலோவைக் கொட்டினான்.