அம்மாவின் இடுப்பளவு

1

இந்தக் கதை ஓர் அறிவிப்பாகத்தான் பிறந்தது. அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போய் ஒரு வருடம் ஆகிறது. அவளுடைய தையல் கடையை இப்போது பட்டன் சித்தி நடத்துகிறாள். (உறவில் சித்தி இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தாறு வருடம் பட்டன் தைத்தவள்.) அவள்தான் கேட்டாள்.

"நீதான் கதையெல்லாம் எழுதுறியே. ட்ரயல் ரூம் கண்ணாடி பக்கத்துல ஒட்டுற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் குடு. வர்ற பொம்பளைங்க படிக்கட்டும். உங்கம்மா போட்டோவ பெருசா மாட்டுறதவிட அது மேல்."

ஒரு பக்கம். பதினொரு நாளாக எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'சத்தமில்லாமல் வரும் நோய் இது...'

அடித்துவிட்டேன். சத்தம் இருந்தது. வயிறு உப்பியது. இரண்டு வாயிலேயே சாப்பாடு போதும் என்றானது. அடிவயிறு வலித்தது. அடிக்கடி பாத்ரூமுக்கு எழுந்து போனாள். எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "வாயுடி."

இரண்டாம் தொடக்கம்: 'என் அம்மா ஒரு தெய்வம்...'

இதைப் படித்தால் அம்மாவே எழுந்து வந்து ஊசியால் குத்துவாள். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்ளும் பெண்களை அவள் விலாவில் விரலால் குத்துவாள். "மூச்ச விடும்மா! நீ எக்குனா டேப் பொய் சொல்லும். அப்புறம் தச்சவளத் திட்டுவ."

3

மூன்றாம் தொடக்கம் நிலைத்தது.

கடையின் அளவு நோட்டில் அம்மாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. என் முதல் புத்தக வெளியீட்டுக்காக அவள் தனக்கே ஒரு கவுன் தைத்தாள். நான் கடைசி அத்தியாயத்தை இழுத்தடித்ததில் விழா தள்ளித் தள்ளிப் போயிற்று. தேதி மாறும்போதெல்லாம் அவள் மறுபடி அளந்தாள். இடுப்பு 32. பிறகு 33½. பிறகு 36. கைச்சுற்று 12. 11½. 10½. வயிறு பெருக்க, கை மெலிய, அவள் இடுப்பில் தையலைப் பிரித்துப் பிரித்து விட்டாள், கைப்பகுதியை உள்ளே பிடித்துத் தைத்தாள். எண்கள் எல்லாம் அம்மாவின் கையெழுத்தில்.*

4

இதுவரை எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா இடுப்ப ஊருக்கே சொல்லணுமா? வயசக் கேட்டாலே நாலு குறைச்சு சொல்றவ அவ."

"படிக்கிறவங்களுக்கு உதவும்ல?"

"என்னமோ பண்ணு." சோற்றை விரலால் அளைந்தாள். "அந்த ரெண்டு வாய் சாப்பாடு வரிய இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"எத்தன நாள் அப்படி இருந்தா டாக்டர்ட்ட போகணுமாம்?"

"ரெண்டு மூணு வாரம் விடாம இருந்தா. ஏன்?"

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"எனக்கு வாயுதான்டி," என்றாள்.

5

*நட்சத்திரம் போட்ட இடத்தில் பொய் சொல்லிவிட்டேன். கையெழுத்து என்னுடையது. அம்மா டேப்பைச் சுற்றிக்கொண்டு சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். மூன்றாம் முறை, "முப்பத்தாறு, எழுதிக்கோ" என்றாள். "என்னம்மா, எனக்குத் தம்பிப் பாப்பா வருதா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு நான் சிரிக்காமல்

[இந்த வாக்கியம் இதற்கு மேல் வரவில்லை.]

என் புத்தகத்தின் பின்னட்டையில், மனிதர்களைக் கூர்ந்து கவனிக்கும் எழுத்தாளர் என்று போட்டிருக்கிறார்கள்.

6

இன்று காலை அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்டதற்கெல்லாம் அவள் "அப்படி ஒண்ணும் இல்ல" என்று மழுப்பினாள். நான் ஒரு நோட்டைத் திறந்து வாசித்தேன்: எத்தனை நாள், எத்தனை வாய், எத்தனை முறை எழுந்து போனாள். ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டு எழுதியது. "போலீஸ்காரி," என்றாள் அக்கா. அம்மாவுக்கு வந்தது என்றும் சொன்னேன். ஸ்கேன் எடுத்தாயிற்று, டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை ரிப்போர்ட்.

முடிவு (அ): ஒன்றுமில்லை. ஆயுசுக்கும் அக்கா என்னைக் கேலி செய்கிறாள்.
முடிவு (ஆ): இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு ஆனதுபோல் தாமதமாகவில்லை.
முடிவு (இ): [அடித்துவிட்டேன்.]

எனக்கு (அ) வேண்டும். வேண்டும் என்பதற்காக எழுதிவிட முடியாது. வியாழன் வரை இந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

7

பட்டன் சித்தி எல்லாவற்றையும் படித்தாள். அஞ்சாவதை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"எதுக்கு? அந்தத் தம்பிப் பாப்பா ஜோக்க உங்கம்மா கடைக்கு வந்த ஒருத்தர் விடாம சொல்லிச் சிரிச்சா. தெரியுமா உனக்கு? அதோடயே ஒட்டுறேன்."

தெரியாது.

ஒரு பக்கம் கேட்டவளிடம் மூன்று பக்கம் கொடுத்திருக்கிறேன். பொடி எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். ஆகவே நீங்கள் இப்போது எங்கள் ட்ரயல் ரூமில் நிற்கிறீர்கள். வயிற்றை எக்கிக்கொண்டிருந்தால், மூச்சை விடுங்கள். திரைக்கு வெளியே பட்டன் சித்தி டேப்போடும் நோட்டோடும் காத்திருக்கிறாள். போன தடவையைவிட இடுப்பு கூடி, கை இளைத்திருந்தால் அவள் ஒரு ஜோக் சொல்லக்கூடும். சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும், "எத்தன நாளாம்மா இப்படி?" என்பாள்.

அதற்கு மேல் நான் எழுதவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.